வீட்டிலிருந்தே வேலை என்பதற்காக ஒன்பது லட்சமா?

காரைக்குடியில் மளிகைக் கடை நடத்தும் ஒரு தந்தை, பிளஸ் டூ வணிகவியல் முடித்த மகளுடன் சென்ற வாரம் என்னிடம் வந்தார். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுடன் சேர்ந்த பி.சி.ஏ. படிக்க, விடுதிச் செலவோடு 9 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், அதைப் படித்தால் கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெண்ணின் பெரியப்பா வற்புறுத்துவதாகவும் சொன்னார்.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். 2020இல் கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன நிறுவனங்களே ஊழியர்களைத் திரும்ப அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டன, டி.சி.எஸ். 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. வீட்டு வேலையால் செயல்திறன் 13 சதவீதம் கூடியது என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் சீனாவின் ஷாங்காய் சீட்ரிப் பயண நிறுவனத்தின் ஆய்விலும், குறைந்தது ஆறு மாதம் அலுவலகத்தில் பணியாற்றியவர்களையும், வீட்டில் தனி அறை உள்ளவர்களையும் மட்டுமே சேர்த்தார்கள். அப்படி வீட்டிலிருந்தவர்களுக்கும், அதே திறமை காட்டியும் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. ஆகவே எந்தப் படிப்பானாலும், தொழில் கைவரும் வரை முதல் இரண்டு ஆண்டுகள் மூத்தவர் பக்கத்தில் அமர்ந்தே கற்க வேண்டும்.

பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் பையிலிருந்து கடையின் பேரேட்டை எடுத்து, ஒரு மொத்த வியாபாரியின் பில்லில் ஜி.எஸ்.டி. இரண்டு முறை ஏறியிருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். அந்தக் கண்ணுக்குரிய வழி ஒன்று இருக்கிறது. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

அமெரிக்காவில் வரி கட்டுவோர் சார்பில் அந்நாட்டு வரித்துறை முன் நிற்க உரிமம் பெற்றவரை என்ரோல்டு ஏஜென்ட் என்பார்கள். அமெரிக்க வருமான வரித்துறை நடத்தும் இந்தத் தேர்வுக்குப் பட்டம் கட்டாயமில்லை. தனிநபர் வரி, தொழில் நிறுவன வரி, வரித்துறை முன் வாடிக்கையாளர் சார்பில் நிற்கும் நடைமுறை என மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு தாளுக்கும் 250 டாலருக்கு மேல் கட்டணம் என்பதால், பயிற்சிச் செலவு நீங்கலாகச் சுமார் 70,000 ரூபாய் ஆகும். பதினெட்டு வயது நிறைந்தபின் பாஸ்போர்ட்டைக் காட்டி, வரி தயாரிப்போருக்கான அடையாள எண்ணை முதலில் பெற வேண்டும். சென்னையிலும் பெங்களூருவிலும் அமெரிக்கர்களின் வரிப் படிவங்களைத் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை இரவு பகல் பாராத வேலை இருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். தேர்ச்சி மட்டுமே வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. அதனால் அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் முதல் தாளை எழுதட்டும்.

வாடிக்கையாளர் கடல் கடந்து இருப்பதால், அனுபவம் சேர்ந்தபின் இந்தத் தொழிலைக் காரைக்குடியிலிருந்து செய்வது இயல்பாக அமையும். சென்னைத் துரைப்பாக்கம் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் போயிருக்கும் சம்பளம் உங்கள் தெருக் கடைகளில் செலவாகும்.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மகளை அதற்கு அனுப்பாதீர்கள். இந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள், அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை அவர் கையாலேயே நிரப்பட்டும்.