மருத்துவர் பதில்: வரக்காப்பி, முருங்கைக்கீரை, பம்பளிமாஸ்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். கொஞ்சம் காபியும் மிளகும் போட்டிருக்கிறோம். எனக்கு வயது 54. ஏழு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 125 வரை ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் தைராய்டு குறைந்தால் ஏறும் அந்த டி.எஸ்.எச். எண் 11-க்குக் கீழே இறங்கவில்லை. அது போக, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 10, ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்ததும் எல்லாவற்றையும் வரக்காப்பியோடு விழுங்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரருக்கு நான்கு வருடம் முன்பு இதய வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மருந்து சாப்பிடுகிறவர்கள் தொடக் கூடாதவை என்று மகன் போனில் ஒரு பட்டியல் அனுப்பினான். கீரை, பால், மிளகு, மஞ்சள், எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாஸ், காபி எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று மாதமாகக் கீரையே சமைப்பதில்லை. வாசலில் நிற்கும் பம்பளிமாஸ் மரத்தையும் வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். இதில் எதுதான் உண்மை? மூட்டு வலிக்கு மகன் வாங்கி அனுப்பிய மஞ்சள் கேப்சூலை இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். அது இயற்கைதானே, அதனால் அதைப் பற்றிக் கவலை இல்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கவலை இல்லை என்று எழுதிய கடைசி வரிதான் எனக்குக் கவலை தந்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் அந்த மஞ்சள் கேப்சூலை இன்றோடு நிறுத்தட்டும். வால்வுக்கான மாத்திரையை நிறுத்தக் கூடாது, அதை ஒரு வேளை கூட விடக் கூடாது. இந்த வாரத்துக்குள் கீழே சேலத்துக்கு இறங்கி வந்து பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது, எண் கூடினால் உறைவது தாமதமாகிறது என்று பொருள்) செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஈறில் ரத்தம், கறுத்த மலம், அடிபடாமலேயே உடம்பில் நீலத் திட்டு, இதுவரை இல்லாத தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? 2018-இல் நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்புத் துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையில் ஒழுங்காக இருந்த ஒருவர் மஞ்சள் கலந்த மாத்திரை ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டிவிட்டது. வால்வு மாற்றியவர்களுக்கு, வால்வின் வகையைப் பொறுத்து, அது பொதுவாக 2-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 10 என்றால் எந்த நிமிடமும் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம்.

குழம்பில் போடும் மஞ்சளும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். மஞ்சள் தூளில் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 சதவீதம்தான். குழம்பில் உங்கள் பங்குக்கு வருவது அரை கிராம் தூள் என்றால், குர்குமின் 15 மில்லிகிராம். கேப்சூலில் 500 மில்லிகிராம் குர்குமின் என்று போட்டிருந்தால் அது கிட்டத்தட்ட 17 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். அவ்வளவையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள். போதாததற்கு அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பைப்பரின் என்று ஒன்று இருக்கும். மிளகின் காரம் அதுதான். 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. கேப்சூல் தயாரிப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பைப்பரினுக்குக் குர்குமின் மட்டும்தான் கண்ணில் படும் என்று இல்லை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளையும் அது ரத்தத்தில் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2019-இல் இத்தாலியில் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசாங்கமே எச்சரித்தது. அதனால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று வாங்கி வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது இதைவிட மோசம்.

மிளகு ரசம்? தாராளமாகச் சாப்பிடுங்கள். மிளகுக் கொடிக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டு ரசத்துக்குப் பயப்பட வேண்டாம். வருடக்கணக்காக ரசம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போதுதான் உங்கள் மாத்திரைகளின் அளவு முடிவாகியிருக்கிறது. புதிதாகக் கஷாயம், லேகியம், பொடி என்று ஆரம்பித்தால்தான் சிக்கல்.

அடுத்து கீரை. பட்டியலில் இருந்த பாதி உண்மை இதுதான். வீட்டுக்காரர் சாப்பிடுவது வார்ஃபரினோ அசினோகூமராலோ, எதுவானாலும் அது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, மணத்தக்காளி என்று பச்சையாக இருக்கும் எல்லாவற்றிலும் வைட்டமின் கே உண்டு. அதனால் ‘கீரையே கூடாது’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடம்பில் வைட்டமின் கே வற்றிப்போனவருக்கு, கல்யாண வீட்டில் ஒரு நாள் கீரைக் கூட்டு சாப்பிட்டாலே ஐ.என்.ஆர். தடுமாறும். இங்கிலாந்தில் 2007-இல் வெளியான ஆய்வில், காரணமே தெரியாமல் ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்துப் பார்த்தார்கள். ஐ.என்.ஆர். சீரானது. (இதைப் படித்துவிட்டு வைட்டமின் கே மாத்திரை வாங்கிவிட வேண்டாம், அது மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது.) வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே அளவு கீரை என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ப மாத்திரை அளவை முடிவு செய்வதுதான் சரியான வழி.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. மூன்று மாதமாகக் கீரை இல்லாமல் இருந்திருக்கிறார், நடுவில் கேப்சூலும் சேர்ந்திருக்கிறது. இப்போதைய மாத்திரை அளவு இந்த இரண்டுக்கும் ஏற்றபடி மாறியிருக்கலாம். ஒரே வாரத்தில் கேப்சூலையும் நிறுத்தி, கீரையையும் அள்ளிப் போட்டால் ஐ.என்.ஆர். சட்டென்று இறங்கும். வால்வில் ரத்தம் கட்டுவது ரத்தக்கசிவைவிடக் குறைந்த ஆபத்து இல்லை. முதலில் கேப்சூலை நிறுத்துங்கள், உடனே ஒரு பரிசோதனை, ஒரு வாரம் கழித்து இன்னொன்று. எண் நிலைத்த பிறகு, அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கீரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம். டி.எஸ்.எச். 11. டோஸ் ஏற ஏற எண் இறங்கவில்லை. இந்த மாதிரி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ‘மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்?’ என்றுதான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் நானே சிலருக்கு டோஸை ஏற்றிக்கொண்டே போன காலம் உண்டு. அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா ஒருநாள், ‘மாத்திரை கசக்குமோ என்று காபி டம்ளரிலேயே போட்டுக் கலக்கிக் குடித்துவிடுவேன் சார்’ என்று சொன்ன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

உங்கள் தைராய்டு மாத்திரையான தைராக்சின் வெறும் வயிற்றில் போனாலே 70, 80 சதவீதம்தான் உடம்பில் சேரும். காபி அதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. 2008-இல் இத்தாலிய மருத்துவர்கள் இதை அளந்து காட்டினார்கள். அவர்களிடம் வந்தவர்களும் உங்களைப் போலத்தான், மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்காதவர்கள். எல்லாரும் மாத்திரையை எஸ்பிரெஸோ காபியோடு, அல்லது விழுங்கிய சில நிமிடங்களில் அதைக் குடித்து, பழகியவர்கள். அதே மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்துக் காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தபோது ரத்தத்தில் தைராக்சின் ஏறியது. எஸ்பிரெஸோ என்றால் வேறொன்றும் இல்லை, பால் இல்லாத கெட்டி டிகாக்‌ஷன். உங்கள் வரக்காப்பிக்கு அது பெரியப்பா மகன் மாதிரி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டபோது இப்படி ஒரு சிக்கல் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

உங்களுக்கோ காபி மட்டும் இல்லை. இரும்பு, கால்சியம் இரண்டும் அதே கைப்பிடியில் போகின்றன. இரண்டுமே தைராக்சினை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அதோடு விட்டதா? காபி இரும்பையும் விடாது. சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தால் அதிலுள்ள இரும்பு சேர்வது 39 சதவீதமும், தேநீர் என்றால் 64 சதவீதமும் குறைந்ததாக 1983-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபி அதே அளவு குறைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்தபோது குறைக்கவில்லை. ஆக உங்கள் வீட்டில் நான்கு மாத்திரை வாங்கி, அவற்றில் மூன்றை ஒன்றோடு ஒன்று சண்டை போட விட்டிருக்கிறீர்கள்.

காபியை விடச் சொல்லப் போவதில்லை. ஏற்காட்டுக் குளிரில் ஐந்து மணிக்கு எழுகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுந்ததும் தைராய்டு மாத்திரை மட்டும், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அடுப்பு வேலை, வாசல் வேலை முடித்துவிட்டு ஆறு மணிக்குக் காபி. பதினோரு மணிக்குத் தோட்டத்தில் எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பு மாத்திரை. அதில் உள்ள வைட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும், அதற்கு முன்பின் தேநீர் வேண்டாம். கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. அட்டோர்வாஸ்டாடின் எந்த நேரமும் ஆகும், மறக்காமல் இருக்க அதையும் இரவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி வரை காபிக்குக் காத்திருக்கவே முடியாது என்றால் தைராய்டு மாத்திரையைப் படுக்கப் போகும்போது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். 2010-இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில் இரவில் சாப்பிட்டவர்களுக்குக் காலையைவிட நன்றாகவே வேலை செய்தது. அப்படியானால் கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இதில் ஒரு பின்விளைவு உண்டு, அதைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றச் சொல்வது தவறு. 125 மைக்ரோகிராம் என்பது காபிக்கும் சேர்த்து ஏற்றிய டோஸ். நாளையிலிருந்து முழு மாத்திரையும் உடம்பில் சேர்ந்தால் அது அதிகமாகலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை இறக்கம் தெரிந்தால் உடனே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் அதற்கு முன் பார்த்தால் எண் பொய் சொல்லும். நேரத்தை மாற்றப் போவதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

பம்பளிமாஸ் கதை தனி. 1989 வாக்கில் கனடாவின் லண்டன் நகரத்தில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாராயத்தின் சுவை தெரியாமல் மறைக்க ஏதாவது பழச்சாறு வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த சாறுகளையெல்லாம் கலந்து பார்த்ததில் பம்பளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாறுதான் மறைத்தது. ஆய்வு முடிந்து பார்த்தால், சாராயம் குடித்தவர், குடிக்காதவர் எல்லாருக்கும் ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கம். தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துத்தான், குற்றவாளி பழச்சாறு என்று கண்டுபிடித்தார். பிறகு வந்த 1991 ஆய்வில் சாறு மருந்தைக் கிட்டத்தட்ட 3 மடங்கு ஆக்கியது. நம் குடலின் சுவரில் சில மருந்துகளை உள்ளே விடும் முன்பே பாதி சிதைத்துவிடும் ஒரு நொதி இருக்கிறது. பழத்தில் உள்ள ஃபுரானோகூமரின்கள் அந்த நொதியை அழித்துவிடுகின்றன. புது நொதி உருவாக ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், அதனால் காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டும் பயனில்லை. இந்த ஒன்றில் மட்டும் நேரக்கணக்கு உதவாது.

கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பிள்ளை. தாய்ப் பழத்திலும் அதே பொருள் உண்டு, ரகத்துக்கு ரகம் அளவு மாறும். உங்கள் அட்டோர்வாஸ்டாடினை அந்தக் குடல் நொதிதான் சிதைக்கிறது. என்றைக்காவது இரண்டு சுளை வாயில் போட்டதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் காய்க்கும் காலத்தில் தினமும் ஒரு பழம் என்று உட்கார்ந்தால் தசைவலி வரலாம், சிறுநீர் கறுத்தால் அது அவசரம். பம்பளிமாஸ் இல்லாமல் முடியாது என்றால் மருத்துவரிடம் கேட்டு ரோசுவாஸ்டாடின் என்ற வேறொரு கொழுப்பு மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம், அதை இந்தப் பழம் தொடுவதில்லை. கமலா ஆரஞ்சுக்கு இந்தக் குற்றச்சாட்டு கிடையாது.

பட்டியலில் மிச்சம் இருப்பது பால். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மாத்திரைக்குப் பக்கத்தில் பால், தயிர் வேண்டாம், கால்சியம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். மற்றபடி பாலுக்கும் உங்கள் வீட்டு மாத்திரைகளுக்கும் பெரிய பகை இல்லை, தைராய்டு மாத்திரையோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

மரத்தை வெட்ட வேண்டாம் அம்மா. மாத்திரை சாப்பிடாத பேரப்பிள்ளைகள் லீவுக்கு மலையேறி வரும்போது உரித்துக் கொடுங்கள். மகனுக்கு மட்டும் இன்று ராத்திரியே போன் போட்டு, அடுத்த டப்பா கேப்சூல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.