எட்டாம் வகுப்பு ஆங்கிலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இந்த ஏப்ரலில் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். ஆங்கிலத்தில் மதிப்பெண் மோசமில்லை. ஆனால் எல்லாம் மனப்பாடம் என்று எனக்கே தெரிகிறது. போன மாதம் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து. லீவ் லெட்டரை நீயே எழுது என்றேன். 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். உனக்கு எங்கே காய்ச்சல் என்று கேட்டதும், அழித்துவிட்டு 'ஐ கோ டு மை அங்கிள் ஹவுஸ் ஃபார் டூ டே' என்று மாற்றினாள்.

விடுமுறைக்குள் இலக்கணம், உச்சரிப்பு, கடிதம் மூன்றையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வைக்கலாம் என்று ஒரு கிராமர் புத்தகம் வாங்கினேன். திறந்ததுமே 12 டென்ஸ் கொண்ட ஒரு பெரிய கட்டம். அவளும் மூடிவிட்டாள், நானும் மூடிவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா? நான் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவள்.

ர.,
உடுமலைப்பேட்டை

அன்புள்ள ர.,

அழித்த வரியை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் விடுப்புக் கேட்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல்தான், வேறு நோயே வருவதில்லை. அவள் மாற்றி எழுதினாளே, அந்த இரண்டாவது வரிதான் அவளுடைய சொந்த ஆங்கிலம். அதில் இருக்கும் பிழைகளே உங்கள் பாடத்திட்டம். கிராமர் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

'அங்கிள் ஹவுஸ்' என்று ஏன் எழுதினாள்? தமிழில் 'மாமா வீடு' என்றால் போதும், 'மாமாவுடைய வீடு' என்று யாரும் இழுப்பதில்லை. 'டூ டே'யும் அப்படித்தான். நாம் 'ரெண்டு நாள் லீவு' என்கிறோம், 'நாட்கள்' என்று சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். அவள் தமிழில் சரியாக யோசித்து, அதையே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். இரண்டு இடத்திலும் விட்டுப்போனது ஒரே எழுத்து, எஸ். பன்மைக்கு அது வேண்டும் (டேஸ்), உடைமைக்கு வேண்டும் (அங்கிள்ஸ்), 'ஷி கோஸ்' என்று வினைக்கும் வேண்டும். அப்புறம், 'டஸ்' வந்துவிட்டால் அது அந்த எஸ்ஸைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'டஸ் ஷி கோ?'. 'டஸ் ஷி கோஸ்?' என்று எழுதாத பிள்ளை அபூர்வம்.

இந்த எஸ் ஏன் விட்டுப்போகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வாயில் இருக்கிறது. தமிழ்ச் சொல் க், ட், ஸ் போன்ற மெய்யில் முடிவதை நம் நாக்கு விரும்புவதில்லை. பஸ் என்பது பஸ்ஸு ஆகும், புக் என்பது புக்கு ஆகும், அல்லது கடைசி ஒலி விழுங்கப்படும். ஆங்கில இலக்கணமோ தன் சரக்கில் பாதியைச் சொல்லின் அந்தக் கடைசி நுனியில்தான் வைத்திருக்கிறது. வாயில் வராத எஸ் கையில் வராது. ஆகவே இலக்கணம் ஒரு வாரம், உச்சரிப்பு ஒரு வாரம் என்று பிரிக்காதீர்கள். சொல்லின் கடைசி ஒலியைக் காதால் பிடிக்கப் பழகினால் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

பயிற்சி எளிது. தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு 'புக்ஸ்' என்று சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் அதிர்வு இருக்காது. 'டேஸ்' என்று சொன்னால் அந்த ஸ் தேனீ ரீங்காரம் போல அதிரவேண்டும். 'பஸ்', 'வாட்ச்' மாதிரி ஏற்கெனவே சீறலில் முடிகிற சொல்லானால் ஒரு அசை கூடும்: பஸிஸ், வாட்சிஸ். இறந்தகாலத்து 'இ-டி'யும் இதே கதை. 'வாக்கெட்', 'லாஃபெட்' என்று நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் நீட்டிப் படிப்பார்கள். 'வாக்ட்', 'லாஃப்ட்', 'ப்ளேய்ட்' என்று ஒரே அசைதான். வினைச்சொல்லே டி, டீ ஒலியில் முடிந்தால் மட்டும் அசை கூடும்: வான்டிட், நீடிட். அவள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, எஸ்ஸிலும் இ-டியிலும் முடிகிற சொற்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு உரக்கப் படிக்கட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், வட்டமிட்ட இடத்தில் ஒலி வந்ததா இல்லையா என்று கேட்கத் தெரியும்.

'எ', 'ஆன்' சங்கதியும் காதில்தான் இருக்கிறது. ஏ, இ, ஐ, ஓ, யு எழுத்துக்கு முன்னால் ஆன் என்று பள்ளியில் எழுதிப்போடுவார்கள். அப்படியானால் 'எ யூனிஃபார்ம்' ஏன்? 'ஆன் ஹவர்' ஏன்? எழுத்தைப் பார்க்காமல் முதல் ஒலியைக் கேட்டால் தெரியும். யூனிஃபார்ம் 'யூ' என்று தொடங்குகிறது, ஹவரில் ஹெச் ஒலிப்பதேயில்லை. இதில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. 'ஆன் எம்.எல்.ஏ.' என்பதுதான் சரி. ஆனால் யெம்மெல்லே, யெக்ஸாம், யெக் என்று பழகிய வாய்க்கு அங்கே ஆன் ஏன் வருகிறது என்று எப்படித் தெரியும்? முதலில் அந்த 'யெ'யை எடுக்கவேண்டும்.

அந்த 12 கட்டத்தில் இப்போதைக்கு நாலைந்து போதும். கோ, கோஸ், வென்ட், ஈஸ் கோயிங், வில் கோ. அவள் எழுதிய 'ஐ கோ' இங்கே 'ஐ ஆம் கோயிங்' ஆகவேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே முடிவான பயணம். 'ஹேவ்', 'ஹாட்' வரும் இடத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவையுங்கள். 'நேற்று வந்திருந்தேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதை அப்படியே 'ஐ ஹாட் கம் எஸ்டர்டே' என்று எழுதினால் தப்பு. நேற்று என்று சொல்லியாயிற்றென்றால் வெறும் 'கேம்' போதும். படித்து வேலைக்குப் போனவர்களின் மின்னஞ்சலிலும் இந்த 'ஹாட்' துள்ளிக்கொண்டிருக்கும்.

கடிதத்தின் வடிவத்துக்கு ஒரு சாயங்காலம் போதும். தமிழ்த் தேர்வில் அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி என்று எழுதுகிறாள் அல்லவா? அதே எலும்புக்கூடுதான் இதற்கும். 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயரைச் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி', வகுப்பாசிரியருக்கு நம் வழக்கப்படி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. இந்த யுவர்ஸில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது. அங்கிளுக்குப் போடவேண்டிய மேற்குறியைப் பிள்ளைகள் இங்கே கொண்டுவந்து போடுவார்கள்.

நடுவில் இருக்கும் நாலு வரிக்குத்தான் பழக்கம் வேண்டும். அதற்கு உண்மையான பெறுநர் ஒருவர் இருந்தால் நல்லது. தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பெரியம்மா, சித்தப்பா பிள்ளைகள் புனேயிலோ பெங்களூருவிலோ இல்லாத குடும்பம் இப்போது குறைவு. அப்படி ஒருவருக்கு ஒரு இன்லாண்ட் லெட்டர் போடச் சொல்லுங்கள். விலை இரண்டரை ரூபாய். காதுகுத்தில் என்ன நடந்தது, யார் அழுதார்கள், என்ன சாப்பாடு, இதைவிட நல்ல இறந்தகாலப் பயிற்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒட்டுவதற்கு முன் உரக்க ஒருமுறை வாசிக்கட்டும், பாதிப் பிழை அப்போதே காதில் விழும். முகவரியில் பின்கோடை விடவேண்டாம். 1972-இல் வந்த அந்த ஆறு இலக்கத்தில் முதல் எண் மண்டலத்தைக் குறிக்கும். உங்கள் ஊருக்கு 6, புனேக்கு 4. இதில் ருசி கண்டுவிட்டால், உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் சிறுவர்களுக்கு நடத்தும் கடிதப் போட்டி இருக்கிறது. இங்கே அஞ்சல் துறை வழியாக 15 வயது வரை கலந்துகொள்ளலாம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் வேண்டாம். பிள்ளைகள் மாறி மாறிப் பேசி, பிழைபட்டு, திருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் குடி முழுகிப்போகாது. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் உரைநடையை இறக்கிக் கொடுத்துவிடுங்கள், பென்சிலோடு. தெரியாத சொல்லின் ஒலியை இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்கலாம். 'வெஜிடபிள்' என்ற சொல்லில் எந்த டேபிளும் இல்லை என்பதை அவளே கண்டுபிடிப்பாள்.

அன்புடன்