பசித்தவரின் படம்

கேள்வி: பஞ்சத்தில் வாடுவோரை எலும்பும் தோலுமாகப் படமெடுத்து நாளிதழில் வெளியிடுவது அவர்களை அவமதிப்பதாகாதா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: 1876–78இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் குற்றுயிராக இருந்தவர்களை வரிசையாக அமர்த்தி, குடும்பப் படம் எடுப்பதுபோல எடுத்தார். உதவாமல் படம் மட்டும் எடுத்தார் என்ற கண்டனம் அவர்மீது எழுந்தது, அது நியாயமானதே. அப்படங்களில் மெலிந்த உடல்கள் இருக்கின்றன. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன தானியம் அவற்றில் இல்லை. காரணத்தை விட்டுவிட்டு உடலை மட்டும் காட்டுவதையே நான் அவமதிப்பு என்பேன்.

ஆனால் 1943இல், வங்கப் பஞ்சத்தைப் பற்றி எழுதப் போர்க்காலத் தணிக்கை தடையாக நின்ற வேளையில், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், தெருவோரம் பட்டினியால் சுருண்டு கிடந்தவர்களின் படங்களை ஆகஸ்ட் 22 அன்று அச்சிட்டார். அதிகாரிகள் பேச மறுத்த பஞ்சத்தை டெல்லியும் லண்டனும் கண்ணால் காண நேர்ந்தது. கூச்சம் கருதி அவர் அவற்றை ஒதுக்கியிருந்தால், அந்த மௌனம் மேலும் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கும். ஆகவே படம் வரட்டும். அந்த ஊருக்கு உணவு ஏன் வந்து சேரவில்லை என்பதும் அதன் கீழேயே அச்சாகட்டும்.