ஸ்லட்ஜ் கலந்து எரிச்ச பாய்லர் சாம்பலை ஃப்ளை ஆஷ் கல்லுக்குப் போடலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் சின்னதா ஃப்ளை ஆஷ் கல் (சாம்பல்ல செய்யுற செங்கல்) யூனிட் வச்சிருக்கேன். ஒரு ஃபேக்டரில பாய்லர் சாம்பல் சும்மாவே தர்றாங்க, லாரி வாடகை மட்டும் நம்மளது. நிலக்கரியோட சாக்கடை ஸ்லட்ஜையும் (கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ணும்போது நிக்கிற சேறு) காயவச்சு 10 சதவீதம் கலந்து எரிக்கிறாங்களாம். எரிஞ்சதுக்கப்புறம் என்ன விஷம் இருக்கப்போகுதுங்கறாங்க. ரெண்டு லோடு இறக்கிட்டேன். கல்லுக்குப் போடலாமா, மிச்சத்த தென்னைக்குப் போடலாமா?

பதில்: எரிச்சா கிருமி சாகும், நாத்தம் போகும், ஆனா மெட்டல் எரியாதுங்க. ஈயம், காட்மியம், குரோமியம், ஜிங்க் எல்லாம் பெரும்பாலும் சாம்பல்லதான் வந்து சேரும், அதுவும் அடர்த்தியா. 100 கிலோ காஞ்ச ஸ்லட்ஜ எரிச்சா சுமாரா 40 கிலோ சாம்பல் நிக்கும், அப்போ ஸ்லட்ஜ்ல கிலோவுக்கு 1000 மில்லிகிராம் ஜிங்க் இருந்திருந்தா அந்த சாம்பல்ல 2500 ஆயிடும். பாதரசம் மட்டும் 357 டிகிரிலயே ஆவியாகி பெரும்பாலும் புகையோட போயிடும்.

அந்த 10 சதவீதத்த நம்பி நிம்மதியா இருந்துடாதீங்க, அது எரிபொருள் கணக்கு, உங்களுக்கு வேண்டியது சாம்பல் கணக்கு. நம்ம ஊர் நிலக்கரில 40 சதவீதம் வரைக்கும் சாம்பல் இருக்கும், அதுல 90 கிலோ எரிச்சா 36 கிலோ சாம்பல், 10 கிலோ ஸ்லட்ஜ்ல இருந்து 4 கிலோ, பரவால்ல. இந்தோனேஷியா கரியா இருந்தா சாம்பல் 5 சதவீதம் அளவுதான் வரும், 90 கிலோவுக்கு நாலரை கிலோ, ஸ்லட்ஜ் சாம்பல் அதே 4 கிலோ, அதாவது உங்க யார்டுல கெடக்குறதுல பாதிகிட்ட ஸ்லட்ஜோடது! கான்க்ரீட்டுக்கான ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் ஈ.என். 450 கூட இந்த மாதிரி கலப்பு சாம்பல ஒத்துக்குது, ஆனா கூட சேத்து எரிச்ச பொருளோட சாம்பல் மொத்தத்துல 30 சதவீதம் தாண்டக்கூடாது. அதனால மொதல்ல என்ன கரின்னு கேளுங்க.

அடுத்தது, பாய்லர்ல எந்த எடத்து சாம்பல்னு கேளுங்க. ஆர்சனிக், காட்மியம், ஈயம் எல்லாம் சூட்டுல ஆவியாகி, புகை ஆறும்போது நைசான தூசி மேல படியும், அதனால அடியில விழுற சாம்பல விட ஃபில்டர் தூசில இதெல்லாம் அதிகம். இத விட முக்கியம், அது வெறும் கக்கூஸ் தண்ணி ஸ்லட்ஜா, இல்ல சாயப்பட்டறை, பிளேட்டிங் (உலோக முலாம் பூசுற) பட்டறைகளோட ஈ.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஸ்லட்ஜும் சேந்ததாங்கறது. ரெண்டாவதுன்னா தொடவே தொடாதீங்க, கெமிக்கல் ஸ்லட்ஜ் அபாயக் கழிவு லிஸ்ட்ல இருக்கு, பொல்யூஷன் போர்டு பேப்பர் இல்லாம அந்த சாம்பல் உங்ககிட்ட வரவே கூடாது.

லேப் ரிப்போர்ட் கேட்டா பெரும்பாலும் டி.சி.எல்.பி. டெஸ்ட்தான் (கழிவுல இருந்து மெட்டல் எவ்வளவு கரைஞ்சு வருதுன்னு பாக்குறது) காட்டுவாங்க, 2016 அபாயக் கழிவு விதிப்படி லிட்டருக்கு ஈயம் 5, காட்மியம் 1, ஆர்சனிக் 5, பாதரசம் 0.2 மில்லிகிராம் தாண்டக்கூடாது. ஆனா அது ஆசிட் தண்ணில 18 மணி நேரம் ஊறவைக்கிற டெஸ்ட், குப்பைமேட்டுக்குன்னு வந்தது. உங்க கல்லுல சுண்ணாம்போ சிமென்ட்டோ இருக்கு, தண்ணி காரமா இருக்கும், அந்தத் தண்ணில ஆர்சனிக், செலினியம், ஆறு வேலன்ஸ் குரோமியம் (குரோமியத்துலயே ரொம்ப விஷமான வகை) எல்லாம் நல்லாவே கரைஞ்சு வரும். கியூரிங்குக்கு, அதாவது கல்லு இறுகுறதுக்கு, தினமும் அடிக்கிற தண்ணி எங்க ஓடி எறங்குதுன்னு பாருங்க, கெணத்துப் பக்கம்னா ரொம்ப கவனம். அதனால சாதா தண்ணில 24 மணி நேரம் சுத்தவிட்டு எடுக்குற லீச்சிங் (கரைஞ்சு வர்றத பாக்குற) டெஸ்டும் போடுங்க, சாம்பலுக்கும் தனியா, கியூரிங் முடிஞ்ச கல்ல ஒடச்சும் தனியா, ஆறு வேலன்ஸ் குரோமியத்த பேர் சொல்லிக் கேளுங்க. கலவை மாறுனா ரிசல்ட்டும் மாறும், ஒரு ரிப்போர்ட்ட வச்சு வருஷம் பூரா ஓட்ட முடியாது.

தென்னைக்கு வேண்டாம்ங்க. நகர கம்போஸ்ட்டுக்கே உரக் கட்டுப்பாட்டு ஆணைல கிலோவுக்கு காட்மியம் 5, ஈயம் 100, ஜிங்க் 1000 மில்லிகிராம்தான் லிமிட், மேல சொன்ன ஜிங்க் கணக்க இதோட வச்சுப் பாருங்க. மண்ணுல சேந்த மெட்டல திரும்ப எடுக்க வழியில்ல, தோப்புக்குள்ள ஊடுபயிரா கீரை போட்டா காட்மியம் நேரா எலைக்கே ஏறும்.

எறக்குன ரெண்டு லோட தார்ப்பாய் போட்டு மூடுங்க, மழைத்தண்ணி படக்கூடாது, அடியிலயும் ஷீட் விரிச்சா நல்லது. அள்ளுற ஆளுங்களுக்கு துண்டு பத்தாது, என்95 மாஸ்க்கும் கிளவுஸும் குடுங்க. குவியல்ல பத்து எடத்துல ஆழமா தோண்டி எடுத்துக் கலந்து சாம்பிள் அனுப்புங்க, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒரு சட்டி கூட மிக்ஸர்ல போடாதீங்க, ஃபெயிலாச்சுன்னா குடுத்தவங்களே அவங்க லாரில திருப்பி எடுக்கணும்னு இப்பவே எழுதி வாங்கிக்கங்க.