குளம் தெளிய ஒரு ஜல்லிப் படுகை

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் கொல்லையில் பத்தடிக்கு ஆறடி, இரண்டடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டி, அல்லியும் கப்பி மீனும் பன்னிரண்டு கெண்டைக் குஞ்சும் விட்டிருக்கிறோம். சித்திரை பிறந்தால் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரி ஆகிவிடுகிறது. மாதம் ஒருமுறை இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். பத்தே நாளில் மறுபடி பச்சை. 'பாக் கார்டன்' (bog garden, சேற்றுத் தோட்டம்) போட்டால் தெளியும் என்கிறான் மகன். சேற்றைக் கொட்டிச் செடி வைத்தால் தண்ணீர் எப்படித் தெளியும்?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது. சேறு கொட்டினால் தெளியாது. அந்தப் பெயரைக் கேட்டு நானும் முதல் முறை ஆற்று வண்டலும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, மூன்றே நாளில் குளத்தைக் கடுங்காப்பி நிறத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மீன் செத்து மிதந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயர்தான் சேற்றுத் தோட்டம், உள்ளே ஒரு பிடி மண்கூட இருக்கக் கூடாது. ஜல்லி, தண்ணீர், வேர் மட்டும்தான். அதனால் நான் அதை ஜல்லிப் படுகை என்றே சொல்கிறேன்.

முதலில் தேய்த்துக் கழுவுவதை நிறுத்துங்கள். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியா ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டும் நல்ல வெயிலும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். நீங்கள் தேய்த்தெடுக்கிற அந்த வழவழப்பில்தான் அந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் அவற்றைத் துரத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறீர்கள். அவற்றுக்கு நிலையாக ஓர் இடம் கொடுத்து, பாசி தின்கிற சத்தை வேறு செடிக்குத் திருப்பிவிடுவதுதான் இந்த வேலை.

இது நமக்குப் புதிதில்லை. எங்கள் பாட்டி வீட்டில் குளியலறைத் தண்ணீர் போகிற வாய்க்கால் முழுக்கக் கல்வாழைதான். அங்கே தண்ணீர் தேங்கி நாறி நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950களில் ஒரு கோரைச் செடியை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார். இன்று உலகம் முழுக்கக் கழிவுநீரைச் செடிகளால் சுத்தம் செய்யும் முறைகளுக்கு அவருடைய வேலை ஒரு தொடக்கம்.

சரி, உங்கள் குளத்துக்கு வருவோம். அது ஏறக்குறைய 3,400 லிட்டர் கொள்ளும். மேற்பரப்பு 60 சதுர அடி. அதில் கால் பங்கு அளவு, அதாவது ஆறடிக்கு இரண்டரை அடி, படுகைக்குப் போதும். குளத்தை ஒட்டி, விளிம்பு குளத்து விளிம்பைவிட நாலு விரற்கடை உயரமாக, உள்ளே ஒன்றேகால் அடி ஆழம் வருகிற மாதிரி செங்கல் வைத்துக் கட்டி, பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற கெட்டித் தார்ப்பாயை உள்ளே விரியுங்கள். குளத்துப் பக்கச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் தாழ்வாக ஒரு வாய் விடுங்கள், தண்ணீர் திரும்பக் குளத்தில் விழ.

ஒன்றரை இஞ்சு பிவிசி குழாயில் இரண்டு இஞ்சுக்கு ஒரு வெட்டு, ஆக்ஸா பிளேடால், குழாயின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. இந்தக் குழாய் படுகையின் அடியில் கிடக்கும். ஒரு முனை பம்பிலிருந்து வரும். மறுமுனையை மேலே நிமிர்த்தி, ஜல்லிக்கு வெளியே தெரிகிற மாதிரி மூடி போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த மூடியைத் திறந்து கசடைத் தள்ளலாம். மேலே ஓரடி உயரத்துக்கு அரை இஞ்சு ஜல்லி. கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். எனக்கு ஆறு தண்ணீர் பிடித்தது. கிரஷர் தூசு ஒட்டியிருந்தால் குழாய் வெட்டுகளை அடைத்துவிடும்.

பம்பு, குளத்துத் தண்ணீர் முழுவதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்ற வேண்டும். மணிக்கு 2,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது உயரம் ஏற ஏறக் குறையும். 3,000 போட்டதாக வாங்குங்கள். இரவும் பகலும் ஓடட்டும். ஓட்டம் நின்றால் ஜல்லிக்குள் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா சாகும்.

இங்கேதான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். கரண்ட் போனதும் படுகைத் தண்ணீர் பம்பு வழியாகவே பின்னோக்கி இறங்கி, அடியில் படிந்த கசடையெல்லாம் குளத்துக்கு இழுத்து வந்துவிட்டது. மறுநாள் பிளம்பர், தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டார், அதோடு சரியானது. நீங்கள் முதலிலேயே போட்டுவிடுங்கள். வெகுநேரம் மின்வெட்டு ஆகி, திரும்ப ஓடும்போது அழுகின முட்டை வாடை வந்தால், முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடுங்கள்.

செடிக்குக் கல்வாழை, வசம்பு, கோரை, ஓரங்களில் வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி. வேரில் இருக்கிற மண்ணை அலசிவிட்டு நேரே ஜல்லியில் சொருகுங்கள். சம்பு (வசம்பு இல்லை, ஆங்கிலத்தில் cattail) மட்டும் வேண்டாம். அதன் கிழங்கு முனை கூர்மையானது, என் தார்ப்பாயை இரண்டு இடத்தில் துளைத்துவிட்டது. தண்ணீர் ஜல்லியின் மேற்பரப்புக்கு ஓர் இஞ்சு கீழேயே நிற்கட்டும், கொசுவுக்கு முட்டையிட இடம் கிடைக்காது.

ஆறு வாரமாவது பொறுங்கள். நான்காவது வாரம் என் குளம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஏழாவது வாரத்தில் ஒரு காலை, அல்லித் தண்டு அடியில் போய் முடிகிற இடம் வரைக்கும் தெரிந்தது. அதில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. காப்பி ஆறும் வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான். கெண்டைகள் சாண் நீளம் வந்ததும் பெரிய குளம் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், உங்கள் தொட்டி அவற்றைத் தாங்காது.

கேள்வி: படுகை கட்ட இடமில்லை. ஆகாயத்தாமரை விட்டால் போதாதா?
– வாசகர், திருவாரூர்

பதில்: சத்தை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் வாரத்துக்கு வாரம் அள்ளாவிட்டால் குளத்தையே மூடும். மழையில் வாய்க்காலுக்குத் தப்பினால் ஊருக்கே தொல்லை. தயவுசெய்து வேண்டாம். ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அதே குழாய், அதே ஜல்லி, இரண்டு கல்வாழை வையுங்கள். சின்னத் தொட்டிக்கு அது போதும்.

கேள்வி: படுகைக் கீரையைச் சாப்பிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நான் பொன்னாங்கண்ணியை நன்றாக அலசி, வேகவைத்துச் சாப்பிடுகிறேன். பச்சையாகத் தின்பதில்லை. குளத்தில் மருந்து எதுவும் ஊற்றியிருந்தால் தொடவே வேண்டாம். எப்படியும் மாதம் ஒருமுறை அறுங்கள். அறுத்ததைக் குளத்துக்கு வெளியே எடுத்துப் போட்டால்தான் அதிலிருக்கிற சத்து குளத்தை விட்டுப் போகும். என் கல்வாழைத் தழை எல்லாம் வாழை மரத்தடிக்கே போகிறது.