ஒரே கிராமத்து பப் ஆளுக்கு ஆள் ஏன் மாறிப்போகிறது?

இங்கிலாந்து கிராமத்து பப் ஒன்று, உரிமையாளர் மாறும்போதெல்லாம் ஏன் ஓகோவென்று ஓடுகிறது அல்லது படுத்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்துபவரின் திறமை பாதிதான். கட்டடம் யாருடையது என்பதைப் பாருங்கள்.

பல பப்களில் கல்லாவில் நிற்பவர் வெறும் குத்தகைக்காரர். கட்டடம் மதுவடிப்பு நிறுவனத்துக்கோ சொத்து நிறுவனத்துக்கோ சொந்தம். வாடகையும் கொடுக்க வேண்டும், பீரையும் அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். 1989-இல் அரசு, பெரிய மதுவடிப்பு நிறுவனங்கள் இப்படித் தங்கள் பீரையே வாங்கும்படி பிடித்து வைத்திருந்த பப்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டது. அவர்கள் விற்றார்கள், வாங்கியவை பெரும்பாலும் கடன் வாங்கி வளர்ந்த சொத்து நிறுவனங்கள். கடனை அடைக்க வாடகை ஏறியது. பப்பாக நடத்துவதைவிட வீடாக விற்பதே லாபம் என்றால், அப்புறம் கதை முடிந்தது.

வடமேற்கு இங்கிலாந்தில் கம்ப்ரியாவின் ஹெஸ்கட் நியூமார்க்கெட் ஊரிலுள்ள ஓல்ட் கிரவுன் என்ற பப் வேறு வழியில் போனது. 1988-இல் அப்போதைய உரிமையாளர் பப்பின் பின்புறக் கொட்டகையிலேயே பீர் காய்ச்சத் தொடங்கினார். அந்த பீர்களில் பலவற்றுக்குச் சுற்றுவட்டார மலைகளின் பெயர்தான்! 1999-இல் அந்த ஆலையையும், 2003-இல் பப்பையும் ஊர்க்காரர்கள் கூட்டுறவாகப் பங்கு போட்டு வாங்கினார்கள். அன்றாடம் நடத்துவது குத்தகைக்காரர்தான். ஆனால் அவருடைய முதலாளிகளே வாடிக்கையாளர்கள். இது வசதியா தொல்லையா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இப்போது சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊருக்கு முக்கியமான சொத்தாகப் பதிவான பப்பை விற்கும்போது, ஊர்க்காரர்கள் கேட்டால் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை.