மெஸ்ஸைக் காலி செய்யும் வாட்ச்மேன்

கம்ப்யூட்டர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுடையது பனியன் ஏற்றுமதி ஆபீஸ். 38 பேருக்கு மெயில். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட், மெயிலைச் சோதனைக்குக் கொடுக்கும் அமாவிஸ், வைரஸ் தேடும் கிளாம்ஏவி எல்லாம் 2 ஜிபி மெமரி உள்ள ஒரே லினக்ஸ் சர்வரில். பாதி நாள் மத்தியானத்தில் மெயில் நின்றுவிடுகிறது. சாயங்காலம் மொத்தமாக வந்து கொட்டுகிறது. பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க் திருத்தம் வந்து சேர்வதற்குள் துணி பிரின்டிங்குக்குப் போய்விட்டது. ஆளுக்கு 1 ஜிபி வீதம் போடுங்கள் என்கிறார் சர்வர் விற்பவர். போடலாமா?
– மெர்ச்சண்டைசர் வாசகி, திருப்பூர்

வேண்டாம் அம்மணி. ஆளுக்கு 1 ஜிபி என்பது மெயில்பெட்டிக்கு, அதாவது டிஸ்க்குக்குப் போடுகிற கணக்கு. மெமரிக்கு அது செல்லாது. 38 பேர் 76 பேரானாலும் போஸ்ட்ஃபிக்ஸ் பெரிதாக எதுவும் கேட்காது. வீட்சே வெனமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998-ல் வெளிவந்த சரக்கு அது. சின்னச் சின்ன புரோகிராம்கள், வேலை இல்லாவிட்டால் தாமே விலகிக்கொள்ளும். டவ்காட், மெயில் படிக்கத் திறக்கும் ஒவ்வொரு ஐமேப் இணைப்புக்கும் ஒரு பிராசஸ் திறக்கும். தண்டர்பேர்ட் என்ற மெயில் படிக்கும் புரோகிராம் மட்டுமே ஆளுக்கு 5 இணைப்பு வரை பிடித்து வைத்துக்கொள்ளும், போன் தனி. அப்படியும் ஒவ்வொன்றும் சில எம்பிதான்.

மெமரி என்கிற மெஸ்ஸைக் காலி செய்வது கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் கிளாம்ஏவிதான். கிளாம்ஏவி தன் வைரஸ் அடையாளப் பட்டியல் முழுவதையும் மெமரியில் ஏற்றி வைத்திருக்கும். அதற்கே 1 ஜிபிக்கு மேல் போகும். புதுப் பட்டியல் வந்தால் பழையதைக் கீழே வைக்காமலே புதியதையும் ஏற்றும். அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு பங்கு வேண்டும். உங்கள் 2 ஜிபி எங்கே காணும்? இடம் போதாதபோது லினக்ஸின் மையமான கெர்னல் பெரிய ஆளாகப் பார்த்து அடித்துப் போடும். வாட்ச்மேன் விழுந்தால் கேட் திறக்காது. யாராவது சர்வீஸை மறுபடி கிளப்பும்வரை மெயில் வரிசையில் நிற்கும். உங்கள் மத்தியானக் கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். கெர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியில் 'கிளாம்டி' (கிளாம்ஏவியின் ஓடிக்கொண்டே இருக்கும் பகுதி) பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் சந்தேகமே இல்லை.

காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. கிளாம்டியின் கான்ஃபிக் கோப்பில் 'கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்' என்பதை 'நோ' ஆக்கினால் பழையதை இறக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்றும். அதுவரை ஸ்கேன் நிற்கும். மெயில் சற்றுக் காத்திருந்து உள்ளே வரும், அவ்வளவுதான். ஆனாலும் 2 ஜிபியில் இழுபறியாகத்தான் ஓடும். 4 ஜிபி ஆக்கி, 2 ஜிபி ஸ்வாப்பும் (மெமரி நிறைந்தால் மாற்றி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) வைத்துவிடுங்கள். 8 இருந்தால் தாராளம். 38 என்பது விற்பவருக்குத்தான் லாபம்.

அப்புறம் அமாவிஸில் 'மேக்ஸ் சர்வர்ஸ்' என்று ஒன்று இருக்கும், ஒரே நேரத்தில் எத்தனை அமாவிஸ் ஓடலாம் என்ற கணக்கு. அதை யாரும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஏற்றினேன். கரூரில் ஒரு திரைச்சீலை ஆபீஸ். மெயில் சீக்கிரம் போகட்டுமே என்று 2-ஐ 20 ஆக்கினேன். ஒவ்வொன்றும் குப்பை மெயிலைப் பிடிக்கும் ஸ்பாம்அசாசினைச் சுமந்துகொண்டு 100 எம்பிக்குக் கிட்டே பிடித்தது. தீபாவளி போனஸ் சமாச்சாரம் எல்லாருக்கும் மெயிலில் போன அன்று சர்வர் ஸ்வாப்பில் விழுந்தது. லாகின் கூட ஆகவில்லை. ராத்திரி பஸ் பிடித்துப் போய் பவர் பட்டனை அமுக்கி அணைத்தேன். 3 ஆக்கியதும் முன்னைவிட வேகமாகவே ஓடியது. அதில் எத்தனை வைக்கிறீர்களோ, போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் அமாவிஸுக்கு மெயில் தள்ளும் வரியிலும் அத்தனையே வையுங்கள்.

கேள்வி: ரிக் வண்டி ஆபீஸுக்கு மெயில் சர்வர் வைத்திருக்கிறோம். 8 ஜிபியில் 'ஃப்ரீ' 200 எம்பி என்றுதான் காட்டுகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், திருச்செங்கோடு

பயப்படாதீங்க. சும்மா கிடக்கிற மெமரியை லினக்ஸ் விடாது. டிஸ்க்கில் படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். காலி வீட்டில் மஞ்சள் மூட்டை அடுக்குகிற மாதிரி. குடி வருபவர் கேட்டால் உடனே எடுத்துவிடும். மெயில் தேட, திறக்க வேகமாக இருப்பதே அதனால்தான். 'ஃப்ரீ' பக்கம் போகாமல் 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். அது குறைந்து, ஸ்வாப் பயன்பாடும் நாளுக்கு நாள் ஏறினால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 8 எம்பி பிடிஎஃப் அனுப்பினால் 'ரொம்பப் பெரிது' என்று திரும்புகிறது. மெமரி போதவில்லையா?
– வாசகர், பெருந்துறை

மெமரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லைங்க. இணைப்புக் கோப்பு மெயிலில் எழுத்தாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 8 எம்பி 11-ஐ நெருங்கும். போஸ்ட்ஃபிக்ஸ் 'மெசேஜ் சைஸ் லிமிட்' தானாக வைத்திருப்பது 1,02,40,000 பைட். 3 கோடி ஆக்குங்கள். 'மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட்' அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.